ஏழாம் நம்பர் பாய்லர்

என் மூக்குக்கண்ணாடி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

ஆலையில் எந்த இயந்திரம் எந்த வகை என்று பிரித்து ஏட்டில் எழுதுவது என் வேலை. வகையைப் பார்த்துத்தான் சோதனைச் சீட்டு அச்சாகி, அந்தந்த ஆளுக்குப் போகும். எப்போதோ கழற்றிப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்ட ஏழாம் நம்பர் பாய்லரை, கை தவறி, ‘வாரம் ஒருமுறை’ வகையில் சேர்த்துவிட்டேன். அந்த வகைக்கு ஆள் என் மனைவி.

வெள்ளிக்கிழமை சீட்டை நிரப்பிக் கொண்டுவந்தாள். அழுத்தம் ஆறு. கசிவு இல்லை.

“அங்க வெறும் தரைதானே இருக்கு?”

“நீங்க எழுதுனீங்க, நான் பாத்தேன். வால்வு மட்டும் லேசா முனகுது. உங்கள மாதிரியே.”

போய்த் தரையைத் தொட்டேன். சுட்டது.

திங்கட்கிழமை தணிக்கை. இல்லாத பாய்லர் ஏட்டில் இருந்தால் என் வேலை போய்விடும். அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

“அடிச்சிடாதீங்க,” என்றாள். “அந்த வகையில இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் எதைச் சாக்கு வச்சு இங்க வர்றது?”

பேனாவை மூடிவிட்டேன்.

தணிக்கைக்காரர் வந்தார். ஏட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், குனிந்து தொட்டார். உள்ளங்கையை ஊதிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இன்றுவரை வெள்ளிக்கிழமைதோறும் அவள் சீட்டோடு வருகிறாள். “சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க” என்று சரிசெய்துவிட்டுப் போகிறாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.