பின் அடிக்காத புத்தகம்

புத்தகக் கடையின் கொள்முதல் மேலாளர் அந்தப் புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து, காய்கறி வாங்குகிறவர் மாதிரி எடை பார்த்தார்.

“மேடம், இது கையில இருக்கறதே தெரியல.”

எதிரே உட்கார்ந்திருந்தவள் பதிப்பாளர் ஆனதே இந்த ஒரு புத்தகத்துக்காகத்தான். எழுதியது தம்பி. கைக்காசைப் போட்டதும், அச்சகத்துக்கு நடையாய் நடந்ததும் இவள்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மாலுமியாக மாறி, பேசிப் பேசியே ஒரு கப்பலைக் கரை சேர்க்கும் ஆட்டம். அதன் விதிகளும் கதைகளும்தான் புத்தகம் முழுக்க.

மேலாளர் பக்கத்து அலமாரியைக் கையால் காட்டினார். இதே வகை ஆட்டங்கள் அங்கே வரிசை கட்டி நின்றன. செங்கல் கனத்தில் அட்டைகள், தங்க நிறத்தில் மின்னும் டிராகன்கள், வெல்வெட் பைக்குள் உலோகப் பகடைகள். உள்ளே வரும்போது அவள் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தாள். “முக்கால் பெட்டி காத்துதானே, சார்,” என்றாள்.

“அந்தக் காத்துக்குத்தான் மேடம் விலை,” என்றார் அவர். “ஜனங்க அலமாரியில வெச்சு அழகு பாக்கத்தான் வாங்கறாங்க. ஆடறவங்க கொஞ்சம் பேருதான்.”

“இது ஆடறவங்களுக்கு, சார்.”

அவர் அட்டையை வளைத்துப் பார்த்தார். தாளை விரலிடுக்கில் தேய்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

கறுப்பு மை மட்டும். படம் கிடையாது. பகடையும் கிடையாது. அதற்குப் பதிலாகப் பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஓர் எண் அச்சாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கத்தைத் திறக்கிறோமோ, அதில் இருப்பதுதான் நமக்கு விழுந்த எண்.

பிறகு புத்தகத்தின் முதுகை விரித்துப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“நூல் தையலா? இந்தப் பிசாத்து அட்டைக்கா? ரெண்டு கம்பிப் பின் அடிச்சிருந்தா பாதிச் செலவு மிச்சமாயிருக்குமே.”

அச்சகக்காரரும் இதையேதான் கேட்டார். அட்டையில் இத்தனை கஞ்சத்தனம், தையலில் இத்தனை ஊதாரித்தனம், இரண்டும் எப்படி ஒரே மண்டைக்குள் குடியிருக்கின்றன என்று. தலையில் அடித்துக்கொண்டேதான் இயந்திரத்தை ஓட்டினார்.

மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் முன்பே அனுப்பியிருந்த அட்டையில்லாத படியை வைத்துக் கடையின் விற்பனைப் பெண்கள் ஆடிப் பார்த்து, ஆட்டம் பிரமாதம் என்று சொல்லிவிட்டார்களாம். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், பகடை, பெட்டி என்று மாற்றிவிடலாம். அச்சுச் செலவு முழுக்கக் கடையே ஏற்கும். எல்லா ஊர்க் கிளைகளிலும் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் அடுக்கி வைப்பார்கள்.

ஒரு கணம் அவளுக்கு ஆசை தொண்டை வரை வந்தது. விழுங்கினாள்.

“வேண்டாம், சார்.”

“அப்ப ரெண்டு விதமா போடுவோம். நல்லது ஒண்ணு, இந்தச் சாதா ஒண்ணு.”

“ரெண்டும் இருந்தா சாதாவை மூலையில போட்டுட்டு, அடுத்த வருஷம் நிறுத்திடுவீங்க. இந்தப் புத்தகம் இப்படியே உங்க கடையில இருக்கணும். தபால்ல யார் கேட்டாலும் உங்க உறையில, உங்க முத்திரையோட போகணும். அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் சிரித்துவிட்டார். “நானும் எத்தனையோ பதிப்பாளரைப் பாத்திருக்கேன். உங்கள மாதிரி ஒரு பிடிவாதத்தப் பாத்ததில்ல. உங்க தம்பிய வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன். தான் எழுதினது அழகா வரணும்னு அவருக்கு ஆசை இருக்காதா?”

“அவனால வர முடியாது.”

“வெளியூரா?”

“இல்ல. உள்ள இருக்கான்.”

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னாள். பில் போடும் இடத்தில் நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும் என்று விட்டாள்.

“கெட்டி அட்டை, பின்னு, பகடை, எதுவும் ஜெயில் வாசலைத் தாண்டாது. நாங்க வீட்டுலேர்ந்து கொடுத்தா வாங்க மாட்டாங்க. கடையிலேர்ந்து நேரா போனாத்தான் விடுவாங்க. உள்ள போனா ஒரு புத்தகம் எத்தனையோ கை மாறும். அதான் நூல் தையல்.”

மேலாளர் அவள் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்.

“கவலைப்படாதீங்க. இது என்னோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா விற்பனை படுத்துடும்.”

“தெரியட்டும். பின்னட்டையிலயே போட்டிருக்கேன். இவ்வளவு நேரம் தடவித் தடவிப் பாத்தீங்க, திருப்பிப் பாக்கல.”

அவர் திருப்பினார்.

‘இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் சிறையில் இருக்கிறார். முதலில் ஆடிப் பார்த்தவர்களும் அங்கேதான். நீங்கள் எந்த மேசையில் உட்கார்ந்து ஆடினாலும், அவர்கள் கையில் இருக்கும் அதே புத்தகம்தான் உங்கள் கையிலும் இருக்கிறது.’

படித்து முடித்த பிறகும் அவர் கண் அங்கேயே நின்றது. கெட்டி அட்டையைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

“தபால் செலவு யாரு பாக்கறது?”

“நீங்கதான்,” என்றாள்.