ஸ்டேக் வேகும் வரை

'சொய்ங்...!'

காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் தடித்த ஆட்டுக்கறித் துண்டு விழுந்த சத்தத்தில், கௌசிக்கின் பேச்சு பாதியில் நின்றது.

நித்யஸ்ரீயை விவாகரத்து செய்யப் போவதை மாமியார் வசந்தாமணியிடம் சொல்லத்தான், பெங்களூரிலிருந்து திருச்செங்கோட்டுக்குத் தனியாக வந்திருந்தான்.

"அத்தை, ஒரு முக்கியமான விஷயமுங்க..."

"இருங்க மாப்பிள்ளை. பெங்களூர் ஓட்டல்ல ஸ்டேக் சாப்பிட்டேன், அப்படியொரு ருசின்னு சொன்னீங்கல்ல? வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். இப்பப் பேச்சுக் கொடுத்தீங்கன்னா கருகிப்போயிருமுங்க."

வெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, கரண்டி கரண்டியாகக் கறியின் மேல் ஊற்றினாள். திருப்பிப் போட்டாள். ஒருவழியாக இறக்கினாள்.

"நானும் நித்யாவும்..." என்று ஆரம்பித்தான்.

"உடனே வெட்டக் கூடாதுங்க. செத்த நேரம் ஆறோணும். அப்பத்தான் சாறு உள்ளயே நிக்கும்."

"ஆறினது போதும் அத்தை! நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க!"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஒன்றும் அறியாத மனுஷியிடம் கத்திவிட்டோமே என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நித்யா நேத்தே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாளுங்க. நீங்க வாய் திறந்து சொல்ற வரைக்குமாச்சும் எனக்கு மாப்பிள்ளையா இருப்பீங்களேன்னுதான் சாமி, இத்தனை நேரம் அடுப்புகிட்டயே நின்னேன்."