ஆறு வரி வெனீர்

பிரெஞ்சுத் தூதரகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தாள்களைப் புரட்டப் புரட்ட, அரிகிருஷ்ணன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நின்றான்.

இன்று விசா கிடைத்தால் பாரிஸில் இருக்கும் சுமலதாவிடம் போய்ச் சேரலாம். கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ.

சுமலதா சொல்தா வீட்டுப் பெண். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. இவனோ மூடிப்போன மில்லில் தறி ஓட்டியவன். கல்யாணமான மூன்றாம் மாதமே அவள் விமானம் ஏறிவிட்டாள். நான்கு வருடமாகிறது.

விசாவுக்கு பிரெஞ்சுப் பரீட்சை வைக்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போக, லாஸ்பேட்டை டியூஷனில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே ஆறு மாதம் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயின. உசிரைக் கொடுத்துப் பிடித்தது ஒரே வினைச்சொல்லை. 'வெனீர்'. வருவது. நான் வருகிறேன், நீ வருகிறாய் என்று மொத்தம் ஆறு வரி.

வாய்ப்பாடு மாதிரி அதை ஓதிக்கொண்டே அரியாங்குப்பம் பாலத்தில் சைக்கிள் மிதித்தான். எதிரே வந்தவர்கள், பாவம், மறை கழன்றுவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள்.

அம்மாள் நிமிர்ந்தாள்.

"உங்க கல்யாணம் புது விதி வர்றதுக்கு முன்னாடியே பதிவாயிருக்கு. பரீட்சை கெடையாது. விசா கெடச்சிடுச்சி, போங்க," என்றாள், நம்ம ஊர்த் தமிழில்.

சந்தோஷத்தோடு அவனுக்குக் கோபமும் வந்தது. ஆறு மாத உழைப்பை அப்படியே விட்டுவிடுவதா?

நின்ற இடத்திலேயே கைகட்டி, கணீரென்று ஆரம்பித்தான். ஜெ வியேன், து வியேன், இல் வியேன், நூ வெனோன், வூ வெனே, இல் வியென்.

ஓரிடம்கூட இடறவில்லை. காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாளும் தட்டினாள்.

தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினான். பாரிஸில் அப்போதுதான் காலை எட்டு மணி.

போனை எடுத்தது சுமலதா இல்லை.

அங்கேயே பிறந்து, அவன் இதுவரை கண்ணாலும் பார்த்திராத, தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அவன் மகள். மூன்று வயது முடிந்துவிட்டது. ஞாயிறுதோறும் அவள் கேட்பது ஒரே கேள்வி. விசா கையில் இல்லாமல் வருகிறேன் என்று சொல்ல மனம் வராமல், அவள் அம்மா வந்து போனை வாங்கும்வரை அவன் வெறுமனே சிரித்துக்கொண்டிருப்பான்.

இன்றும் கேட்டாள், நீ வருகிறாயா என்று. "து வியேன்?"

பூத்தே அதிர்ந்தது.

"ஜெ வியேன், கண்ணு! ஜெ வியேன்!"