தனிப்பட்டி

மழைக்குப் பிறகு பட்டியில் ஆடுகளுக்கு மூச்சுநோய் வந்தது. இருமுகிற ஆட்டை மேய்ப்பர் உடனே பிரித்து, வேலிக்கு அப்பால் தனிப்பட்டியில் அடைத்துவிடுவார். இருமல் தொற்றியிருந்த சுட்டி என்ற ஆட்டுக்கு நோயைவிட அந்தத் தனிமைதான் பயம். காலையில் படலைத் திறக்கும்போது எல்லா ஆடுகளும் கத்துமே, அந்தச் சத்தத்தில் மட்டும் இருமிக்கொள்ளும்.

"சொல்லிடாதேக்கா," என்று பக்கத்தில் படுத்திருந்த கருவாச்சியிடம் கெஞ்சியது.

"நான் ஏண்டி சொல்றேன்? ஒட்டிப் படு, குளிருது," என்றது கருவாச்சி.

மூன்றாம் நாள் கருவாச்சியே இருமியது. அதற்கு மறைக்கத் தெரியவில்லை. மேய்ப்பர் இழுத்துப் போனார்.

மற்ற ஆடுகளுக்குச் சுட்டிமேல் சந்தேகம். சுட்டியை ஒட்டி எதுவும் படுக்கவில்லை. ஐந்து நாள் பொறுத்த சுட்டி, மேய்ப்பர் முன்னால் போய் நின்று வாய்விட்டு இருமியது.

தனிப்பட்டிக்குள் விட்டதும், "அக்கா, வந்துட்டேன்!" என்று ஓடியது.

ஊசி போட்டுத் தேறியிருந்த கருவாச்சி வேலியோரம் ஒதுங்கியது. "அங்கேயே நில்லுடி! நாளைக்கு என்னைப் பெரிய பட்டியில விடப்போறாங்க. இந்த நேரத்துல என் மேலே இருமித் தொலைக்காதே."

"சரிக்கா," என்று சுட்டி எதிர்மூலைக்குப் போனது. அங்கே படுக்க நிறைய இடம் இருந்தது.