எதிரணிப் பேச்சு

“சோஷலிச அரசு என்று சொல்லிக்கொள்ளும் நம் அரசு அப்படித்தான் நடக்கிறதா?” இதுதான் அலுவலக விவாதத் தலைப்பு. எதிரணியில் தற்காலிகத் தட்டச்சுப் பெண்.

“வேலை இன்னும் நிரந்தரமாகல. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாக்கா?” என்று தம்பி காலையிலேயே புலம்பியிருந்தான்.

அவள் எழுந்தாள்.

“அதிகாரிங்களுக்குத் தனிக் கடை, நமக்கு வரிசை. அவங்க பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம். லிஃப்ட்கூட அவங்களுக்குத்தான், நமக்கு ஏழு மாடிப் படி. இதுவா சமத்துவம்?”

எல்லோரும் முன்வரிசையில் இருந்த அலுவலக இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் கைதட்டினார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் கை இருப்பது நினைவுக்கு வந்தது.

முடிந்ததும் அவளைத் தனியே அழைத்தார்.

“நல்லாத்தான்மா பேசின. நாளைக்கு உன் வேலை உத்தரவுல கையெழுத்துப் போடணும். கடையும் பள்ளிக்கூடமும் நாங்க எழுதிக் கொடுத்த குறை. லிஃப்டை யாரைக் கேட்டுச் சேர்த்த?”

“மன்னிச்சிடுங்கய்யா. படியேறி வந்த மூச்சிரைப்புல வாய் தவறிடுச்சு.”