மிஷினுக்கு ஆயுசு எண்பது

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க மாமா. தூசி பட்டா மிஷினுக்கு ஆகாது.”

சக்கரபாணி செருப்போடு தோள் துண்டையும் எடுத்துவிட்டார். மூடியிருந்த ஏ.சி. அறைக் கதவைப் பார்த்துக் கும்பிடாததுதான் பாக்கி. தொண்ணூற்று மூன்றில் திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் குமரேசன் கடைதான்.

“தானா யோசிக்குமாப்பா?”

“நீங்களும் நானும் யோசிக்காததை எல்லாம் யோசிக்கும். உள்ள ஆபரேட்டர் பட்டன் தட்டுவாரு, அவ்ளோதான். மூளை பூரா மிஷினுக்குத்தான். நீங்க ஒரு லட்சம் போட்டா அடி அண்ணாமலைல இன்னொரு கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் அம்மும். லாபத்துல பாதி உங்களுக்கு.”

“கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்ட போட்டிருந்த நிலத்த வித்த காசு. பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கறது. போச்சுன்னா உங்க அத்தை என்னை ஊட்டுக்குள்ள சேக்க மாட்டா. பம்புசெட் மோட்டார் மூணே வருஷத்துல புகைஞ்சிருச்சு. இது எத்தினி வருஷம் உழைக்கும்?”

“அதுங்கிட்டயே கேட்டுடலாம்.”

மிஷினைக் கடையில் இறக்கிய தேதியையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி, குமரேசன் கதவுக்கு அடியில் தள்ளினான்.

பிறகு உள்ளே டகடகவென்று சத்தம். பாதியில் கரண்ட் போய்விட்டது. தலைக்கு மேல் ஃபேன் நின்றது. குமரேசன் முகம் வெளுத்தது. உள்ளே சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“கரண்ட் இல்லாமயே ஓடுதேப்பா!”

“பே... பேட்டரி மாமா.”

கதவுக்கு அடியில் காகிதம் வந்தது. ‘ஆயுள் ஸ்தானம் பலம். எண்பது வயது வரை குறைவில்லை.’

சக்கரபாணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எம் மோட்டாருக்கு ஒரு ஜாதகம் எழுதி வெச்சிருக்கணும்” என்றபடி மஞ்சள் பையை அவிழ்த்து, நோட்டுக் கட்டுகளை மேஜையில் வைத்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, குமரேசன் கதவைத் தள்ளினான்.

“கரண்ட் போனா கைய நிறுத்துங்கன்னு எத்தினி தடவ சொல்றது?”

ஆயுத பூஜையன்று தேங்காய்த் தண்ணீர் தெளித்ததில் அன்றைக்கே அணைந்துபோன கம்ப்யூட்டர் மேல் டிபன் கேரியர் இருந்தது. பக்கத்தில், பஞ்சாங்கத்துக்கும் டைப்ரைட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார், எழுபத்து நான்கு வயது ஜோசியர் மூர்த்தி.

“பெட்டிக்கு எண்பதுனு அடிச்சுட்டேன். என் ஜாதகப்படி நான் வர்ற தை மாசத்தையே தாண்ட மாட்டேனேப்பா.”