ஒரு பழைய தோல் வேண்டும்

புதுத் தோல் வேண்டாம், பழசு இருந்தால் கொடுங்கள் என்றார் அவர்.

இருபது வருடமாக டிரம் பழுது பார்க்கிறேன். பழசு கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

கவுண்டரில் அவர் வைத்தது ஸ்நேர் டிரம். அடியில் கம்பிகள் கட்டியிருக்கும், அடித்தால் படபடவென்று பொரிந்து தள்ளும், அது. மேல் தோல் கிழிந்திருந்தது. பூனை பிறாண்டிவிட்டது என்றார்.

அந்தப் பூனைக்குக் கத்தி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வெட்டு, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. பக்கத்தில் இன்னொன்று, பாதியில் நின்றிருந்தது. பாதியில் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சும்மா அந்த வெட்டின் மேல் விரலை ஓட்டினேன்.

மனிதர் தானாகவே கொட்டிவிட்டார்.

தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில்தான் தூக்கம். பக்கத்து அறையில் மகள், பள்ளி பேண்டில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. போன மாதம் காதில் வைக்கிற அடைப்பான்களை மாற்றிப் பார்த்தாராம், அதற்குப் பிறகு சத்தம் நன்றாகவே குறைந்ததாம். ஆனால் இன்று காலை, மூன்று இரவு சேர்ந்தாற்போல் உழைத்துவிட்டு வந்து போட்ட சட்டையோடு படுத்தவரை, ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிட்டாள். சாயங்காலம் மேடையாம், கடைசிப் பயிற்சியாம். அவள் பள்ளிக்குக் கிளம்பியதும் இவர் சமையலறைக்குப் போயிருக்கிறார். பூனை அங்கேதான் இருந்திருக்கிறது.

நாலு மணிக்கு டிரம்மை எடுக்க அவள் வீட்டுக்கு வருவாள். அதற்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று புதுத் தோலைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

மணி இரண்டு.

கழற்றிப் போட்ட தோல்கள் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். இந்த டிரம்முக்குப் பொருந்துகிற பதினான்கு அங்குலத் தோல்களை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்றில் குச்சி பட்ட கறை ரொம்பக் கறுப்பு. இன்னொன்றில் இடது பக்கம் தேய்ந்திருந்தது. என் பெண் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வலது பக்கம்தான் அடிப்பாள் என்றார்.

சத்தமே ஆகாத மனிதர், அவள் எங்கே அடிப்பாள் என்பதை விரல் கணக்கில் சொன்னார்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கறை, தேய்மானம், எல்லாம் அச்சு அசல். உயிர்தான் இல்லை. தட்டிக் காட்டினேன். அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி இருந்தது. மேடையில் முதல் அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

"பார்த்தா தெரியக்கூடாது மேடம். அது போதும்."

சரி, அவர் பெண், அவர் பாடு. சாவியை எடுத்துப் பத்துத் திருகாணிகளையும் கழற்றினேன். வளையத்தைத் தூக்கி வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட தோலை உருவித் திருப்பினேன்.

அடிப்பக்கம் ஒரு துணி ஒட்டியிருந்தது.

நாலாக மடித்து, ஓரமாக வைத்து, சுற்றிலும் டேப் போட்டிருந்தது. சத்தத்தை அமுக்க எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் தோலுக்கு மேலே வைப்பார்கள். அரை நிமிட வேலை. அடியில் வைக்க வேண்டுமென்றால் பத்துத் திருகாணியையும் கழற்றி, மறுபடி பூட்டி, சுருதி சேர்க்க வேண்டும். பழகாத கைக்கு ஒரு பகல் போய்விடும். வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

பேண்டில் இவளுடைய டிரம் மட்டும் மந்தமாகத்தான் கேட்டிருக்கும்.

பாதியில் நின்ற வெட்டு சரியாக அந்தத் துணியில் முடிந்திருந்தது. மனசெல்லாம் ஒன்றுமில்லை. கத்தி சிக்கியிருக்கிறது.

டேப்பைப் பிய்த்துத் துணியை விரித்தேன். சாம்பல் நிறம், பாக்கெட்டோடு வெட்டிய பழைய சட்டைத் துண்டு. பாக்கெட்டின் மேல் சிவப்பு நூலில் ஒரு தொழிற்சாலையின் பெயர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவரின் சட்டையிலும் அதே நிறம், அதே சிவப்பு நூல்.

அவர் துணியைக் கையில் வாங்கினார். போன மாதம் இந்தச் சட்டையைக் காணோமென்று வீட்டையே இரண்டாக்கினேன் என்றார்.

பிறகு பையிலிருந்து காது அடைப்பான் இரண்டையும் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் அவர்மேல் இரக்கம் வந்தது.

நேரமாகிறதே என்று, அவர் பொறுக்கி வைத்த பழைய தோலை எடுத்தேன். அதை அவர் மெதுவாக ஓரமாகத் தள்ளினார். சுவரில் தொங்கிய புதுத் தோல்களில் அதிகமாகச் சத்தம் வருவது எது என்று கேட்டார்.

எடுத்து மாட்டினேன். துணியை அடியில் ஒட்டவா என்றதற்குத் தலையசைத்து மறுத்து, அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சுருதி சேர்த்து ஒரு தட்டுத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் காதைப் பொத்தவில்லை.

இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே, வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாளே, பூனைமேல் பழி போடப் போகிறீர்களா என்றேன்.

டிரம்மை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல பூனையே கிடையாது மேடம்."